நீலமாகாத பால்

அத்தியாயம் 11

பரணிதரன் ஐந்தாவது தடவையாகக் கழிப்பறைக் கதவைச் சாத்தியபோது காலை மணி ஆறுகூட ஆகவில்லை. அடுப்படியில் நின்றிருந்த அவன் மனைவி மோகனா, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலு கோட்டுக்கு மேல் குறுக்கே ஐந்தாவதைப் போட்டாள்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவள் செக்கர். தையல் விட்டதா, பசை வழிந்ததா, ஜோடியில் நிறம் மாறியிருக்கிறதா என்று நாளெல்லாம் பார்த்துக் கோடு போடுகிற கை அது. வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா?

பரணிக்குப் பெருங்குடலில் புண். வேலூர் பெரிய ஆஸ்பத்திரி மாத்திரை ஒரு பக்கம் நடக்கிறது. அதோடு உணவுப் பட்டியல் ஒன்றும் கொடுத்திருந்தார்கள். சோறு கிடையாது, சர்க்கரை கிடையாது, பால் கிடையாது. தயிர் மட்டும் உண்டு. அதுவும் முழுசாக இருபத்தி நாலு மணி நேரம் சூட்டில் வைத்துப் புளித்த தயிர்.

பத்து நாளாக அதைத்தான் சாப்பிடுகிறான். கோடு மட்டும் குறையவில்லை.

குறைந்தே ஆக வேண்டும். திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸை அவன் ஓட்டிக் காட்ட வேண்டும். மாதனூரில் எடுத்து ஏழு ஊர் சுற்றி, ஐம்பது பெண்களை ஏற்றி, கம்பெனி கேட்டில் இறக்க ஒரு மணி பத்து நிமிஷம். வழியில் எங்கேயும் இறங்கி ஓடக் கூடாது. ஓடினால் பதினாலு வருஷமாக அவன் ஓட்டிய ரூட், இப்போது அவனுக்குப் பதிலாக ஓட்டுகிற சத்தாருக்குப் போய்விடும். பரணிக்குக் கேட்டில் காவலுக்கு ஒரு நாற்காலி போடுவார்கள்.

அவன் ஓடிய அந்த நாளை மோகனா மறக்கவில்லை. அதே பஸ்ஸில் நாலாவது சீட்டில் அவளும் இருந்தாள். ஹைவே ஓரம் வண்டியை நிறுத்தி, சாவியைக்கூட எடுக்காமல் முள்ளுச்செடிப் பக்கம் அவன் போனான். திரும்பி வந்து ஸ்டீரிங்கில் உட்காரும்வரை வண்டிக்குள் ஒருத்தியும் பேசவில்லை. கம்பெனி வரைக்கும் பேசவில்லை. யாராவது கேலியாவது செய்திருக்கலாம். அந்த மௌனம்தான் அவனைத் தின்றது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பரணி வெளியே வந்தான்.

"போதும் மோகனா. வாயெல்லாம் ஒரே புளிப்பு. இந்தத் தயிர் எனக்கு ஒத்துக்கல. விட்டுடு."

"சோத்த விட்டாச்சு, சக்கரைய விட்டாச்சு. இது ஒண்ணுதான் உள்ள போவுது."

"உள்ள போறதப் பத்தி நான் இன்னா சொன்னேன்? வெளிய வர்றதுதான் பேஜாரு."

வாசலுக்கு எதிரே மாட்டுக்கொட்டகையிலிருந்து குரல் வந்தது.

"யார்றா அது என் தயிரச் சொல்றது?"

பரணியின் அம்மா சௌந்தரம். ஒரே காம்பவுண்டுதான், அடுப்பு மட்டும் ரெண்டு. எதிர் வீட்டில் இரண்டு கறவை மாடுகளோடு அவள் தனி ராஜ்ஜியம். மாதனூர் ஓட்டல்கள் ரெண்டும் அவள் தயிரை நம்பித்தான் இலை போடுகின்றன.

"கத்தி வெச்சு அறுத்தா துண்டா வரும் என் தயிரு. ஊரே சாப்டுது. ஒருத்தனாவது வயித்தப் புடிச்சிக்கினு வந்தானா? பெத்த புள்ளைக்கு மட்டும் ஆவலையாம். வெளியில சொல்லாத, என் மானம் பூடும்."

"உன் மானத்த விடும்மா. என் மானமே ஹைவேயில கெடக்குது."

பாலைக் காய்ச்சி ஆற வைத்துக் கொடுப்பது அத்தையின் வேலை. அத்தை தரும் உறையையே விட்டு, பல்பு எரியும் தெர்மாகோல் பெட்டியில் வைப்பது மோகனாவின் வேலை. தன் வேலையில் குறை இருக்கிறதா என்று பத்து நாளையும் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெட்டியின் சூடு சரி. நேரம் சரி.

"கெளம்புங்க," என்றாள். "வேலூர் போய் கேட்டுட்டு வந்துடலாம். இன்னிக்கு லீவு சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டு?"

"உங்கள மாதிரி ஆளக் கேட்டா லீவு போட முடியும்?"

*

பஸ்ஸில் பரணி கதவை ஒட்டிய சீட்டைப் பிடித்தான். டிரைவராக இருந்தவனுக்கு வழியெல்லாம் டீக்கடையும் பங்க்கும் தெரியும். இப்போது அவற்றில் எங்கே கழிப்பறை உண்டு, எது பூட்டியிருக்கும், எதில் தண்ணீர் வராது என்பது வரை மனப்பாடம். வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தான்.

நடுவில் அவன் போன் அடித்தது. பேரைப் பார்த்தான், கட் பண்ணினான். இன்னொரு தடவை அடித்தது. அதையும் கட் பண்ணினான்.

"யாரு?"

"லோன் வேணுமான்னு கேக்கறானுங்க."

மோகனா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் உணவுப் பட்டியல் எழுதிக் கொடுக்கும் பிரிசில்லா, மோகனா நீட்டிய காலண்டர் தாளை வாங்கிப் பார்த்தாள். தேதிவாரியாகக் கோடுகள், பெட்டியின் சூடு, உறை விட்ட நேரம்.

"இவ்ளோ சுத்தமா யாரும் எழுதிக்கினு வந்ததில்லக்கா. உறை எங்கேருந்து?"

"மாமியார் தயிர்தான். அவங்க தயிர் விக்கறவங்க."

"அதுல இன்னா சேக்கறாங்க?"

"இன்னா சேப்பாங்க? பாலும் உறையும்."

"நீங்க பாத்தீங்களா?"



கம்பெனி லைனில் புதுப் பெண்களிடம் மோகனா தினம் கேட்கிற கேள்வி அது. 'தச்சது சரியா இருக்குதுக்கா' என்பார்கள். 'நீ பாத்தியா?' என்பாள் அவள். பத்து வருஷமாக அடுத்தவர்களைக் கேட்ட கேள்வி இன்று அவள் பக்கம் திரும்பி நின்றது.

"பாக்கல," என்றாள்.

பிரிசில்லா ஒரு துண்டுத் தாளை எடுத்தாள்.

"பால்ல ஒரு சக்கர இருக்குதுக்கா. அண்ணன் குடலுக்கு அது ஆகாது. உறையில இருக்கற கிருமிங்க அதத் தின்னுடும். முழுசாத் தின்னு முடிக்கத்தான் இருபத்தி நாலு மணி நேரம். அதனால உறை எதுன்னு தெரிஞ்சிருக்கணும். இந்த மூணு பேர் மட்டும் இருந்தாப் போதும்." ஆங்கிலத்தில் மூன்று பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதினாள். "நாலாவதா B-ல ஆரம்பிக்கற பேர் இருந்தா, இந்தப் பத்தியத்துக்கு வேணாம். சக்கர, மாவு, ஸ்டார்ச் எதுவும் கலந்திருக்கக் கூடாது."

"மாவு கலந்தா எப்படித் தெரியும்?"

"காயத்துக்குப் போடற பழுப்பு மருந்து இருக்குதில்ல, அயோடின்? ஒரு சொட்டு விடுங்க. மாவு இருந்தா நீலமா மாறிடும்."

"இதுதான் காரணமா மேடம்?" பரணி முதல்முறையாக வாயைத் திறந்தான். "இத மாத்திட்டா சரியாயிடுமா?"

"அப்படி அடிச்சு சொல்ல முடியாதுண்ணே. மாத்திர பாட்டுக்கு மாத்திர. ஆனா சந்தேகம் வர்ற சாமான ஒண்ணொண்ணா எடுத்துட்டுத்தானே பாக்கணும்? புது தயிர் வந்ததும் ஒரு ஸ்பூன்ல ஆரம்பிங்க. மெதுவா ஏத்துங்க."

எடுத்துட்டுத்தான் பாக்கணும். மோகனாவுக்கு அது புரியும் பாஷை.

லாங் பஜாரில் தள்ளுவண்டிக்கும் டூவீலருக்கும் நடுவே நடந்தார்கள். முதல் கடைக்காரர் ஃபிரிட்ஜைத் திறந்து ரோஸ் கலர் டப்பாவை நீட்டினார்.

"தயிரும்மா. ஸ்ட்ராபெர்ரி. புள்ளைங்க விட மாட்டாங்க."

"புள்ளைக்கு இல்ல. இவருக்கு."

கடைக்காரர் பரணியைப் பார்த்தார். "பெரியவங்களும் சாப்புடலாம்."

மோகனா டப்பாவைத் திருப்பினாள். இரண்டாவது வரியிலேயே சர்க்கரை. வைத்துவிட்டாள். அடுத்தது வெள்ளை டப்பா, வயிற்றுக்கு நல்லது என்று மேலேயே போட்டிருந்தது. பொடி எழுத்தில் நாலாவது பெயர் B-யில் நின்றது. அதையும் வைத்துவிட்டாள்.

"இன்னாம்மா, பொண்ணு பாக்கற மாதிரி பாக்கற?"

"பொண்ணு பாக்கறது இவ்ளோ கஷ்டம் இல்ல," என்றான் பரணி. "அரை மணியில இவளப் பாத்துட்டு வந்துட்டேன்."

"அதான் அப்ப நான் சரியாக் கவனிக்கல," என்றாள் மோகனா.

பேக்கரிக்கும் ஸ்வீட் கடைக்கும் சாமான் விற்கும் நாலாவது கடையில் தூள் உறை இருந்தது. சின்னச் சின்னப் பாக்கெட்டுகள், ஃபிரிட்ஜின் மேல்தட்டில். ஒன்றில் மூன்று பெயர்களும் சரியாக இருந்தன. கடைசியில் மட்டும் நீளமாக ஒரு வார்த்தை. அதை எழுத்துக் கூட்டிப் படித்து, பிரிசில்லாவுக்குப் போன் போட்டாள். மாவிலிருந்து எடுக்கிற சாமான், வேண்டாம் என்று பதில் வந்தது.

"வேற கம்பெனி இருக்குதா?"

"இருக்குது. ஆனா எல்லாம் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணா இருந்தா எதுக்கு ரெண்டு கம்பெனி?"

கடைக்காரர் அடியிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். மூன்று பெயர்கள். வேறு ஒன்றுமில்லை. மோகனா துண்டுத் தாளைப் பாக்கெட்டின் மேல் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாள். சின்ன A, பெரிய A வரைக்கும். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

"பரவால்லயே," என்றார் கடைக்காரர். "எந்த ஸ்கூல்ல டீச்சரும்மா நீ?"

"ஷூ கம்பெனி."

அவர் ஐஸ் கட்டி வைத்துக் கட்டிக் கொடுத்தார். ஒரே ஒரு பாக்கெட்தான் கையிருப்பு. அடுத்த சரக்கு வர ஒரு வாரம் ஆகுமாம்.

இன்று வியாழன். இன்று சாயந்திரம் உறை விட்டால் நாளை சாயந்திரம் தயிர். வெள்ளி ஒரு ஸ்பூன், சனி இரண்டு, ஞாயிறு அரைக் கிண்ணம், திங்கள் ஸ்டீரிங். இது கெட்டால் இன்னொரு தடவைக்கு உறையும் இல்லை, நாளும் இல்லை.

மெடிக்கல் ஷாப்பில் பழுப்பு மருந்து ஒரு புட்டி வாங்கினாள்.

*

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு மூன்று எவர்சில்வர் மூடிகளை வரிசையாக வைத்தாள். ஒன்றில் நாலு பருக்கை பழைய சோறு. ஒன்றில் தண்ணீர். மூன்றாவதில், பரணிக்கு மீதமிருந்த தயிர்.

"சோறு எதுக்கு?" என்றான் பரணி.

"மருந்து வேல செய்யுதான்னு மொதல்ல தெரிய வேணாமா? ஸ்கேல் சரியா இல்லாம அளவெடுத்தா ஆவுமா?"

சோற்றில் ஒரு சொட்டு விட்டாள். கருநீலம். தண்ணீரில் விட்டாள். பழுப்பு பழுப்பாகவே கரைந்தது.

தயிரில் விட்டாள்.

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொட்டு விழுந்த இடத்தில் ஓரம் கறுத்தது. பிறகு மெள்ள, யூனிஃபார்மில் மை சிந்தினாற்போல, நீலம் பரவியது.

"இது இன்னாடி கண்றாவி?"

சௌந்தரம் நிலைப்படியில் நின்றிருந்தாள். கையில் கழனித் தண்ணீர் வாளி.

"உங்க தயிர்தான் அத்தை."

"என் தயிரு வெள்ளை. நீ மருந்த ஊத்திட்டு நீலம்ன்ற."

"சோறும் நீலமாச்சு, பாருங்க. தயிர்ல சோறு இருக்குது."

"சோறு எப்படிடி வரும் தயிர்ல?"

"நான் கேக்கணும்னு நெனச்சேன். நீங்களே கேட்டுட்டீங்க."

சௌந்தரம் வாளியைக் கீழே வைத்தாள். மூடியைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மோகனா காத்திருந்தாள். லைனில் ஒரு பெண் தன் தப்பைத் தானே சொல்ல வருகிறபோது குறுக்கே பேசக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

"ஒரு கரண்டிதான்," என்றாள் சௌந்தரம். குரல் இறங்கியிருந்தது.

"இன்னாது?"

"கஞ்சித் தெளிவு. பால் ஆறும்போது ஒரு கரண்டி."

பரணி நாற்காலியில் நிமிர்ந்தான். "எல்லாப் பால்லயுமா?"

"எருமை செத்துப் போனப்பறம் இந்த மாடுங்கள வாங்கினேன் இல்ல? பாலு தண்ணி மாதிரி. தயிர் நீர்த்துப் போச்சு. ஓட்டல்காரன் பானைய திருப்பி அனுப்பிட்டான். சௌந்தரம் தண்ணி கலக்கறான்னு கடைத்தெருவுல சொன்னான். நானா? நானா தண்ணி கலக்கறவ? கெட்டியா இருந்தாத்தானே நம்புவானுங்க. அதான். சோத்துக் கஞ்சிடா. விஷமா ஊத்தினேன்?"

"தண்ணி கலக்கலன்னு காட்டறதுக்குக் கஞ்சி கலந்தியாம்மா?"

"உனக்குத் தர்றதுல இன்னும் அரைக் கரண்டி ஜாஸ்தி ஊத்தினேன். புள்ள மெலிஞ்சு போய்க் கெடக்கறானேன்னு."

சொல்லி முடிக்கும்போது அவள் உதடு கோணியது. வாளியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

பரணிக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் வந்தது. அப்புறம் தோள் குலுங்கியது.

"சோறு சாப்புடாதன்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. பத்து நாளா எங்கம்மா எனக்கு சோத்தக் கரைச்சு ஊத்தியிருக்குது!"

"சிரிக்காதீங்க. காதுல விழும்."

"விழட்டும். மோகனா, என்னைச் சிரிக்க வெக்காத, அப்பறம் ஓடணும்."

ஓடினான். மோகனா தாளில் ஒரு கோடு போட்டாள். அவள் முகத்திலும் சிரிப்பு இருந்தது.

அப்போதுதான் ஜன்னலோரம் வைத்திருந்த அவன் போன் மறுபடி அடித்தது. திரையில் பெயர்: ராமமூர்த்தி சார். கம்பெனியில் வண்டிகளைக் கவனிக்கிறவர். மோகனா எடுத்தாள்.

"பரணி, எத்தன தடவ கூப்புடறது? நீ காலையில சொன்ன மாதிரியே லெட்டர் அடிச்சிட்டேன். கேட் டியூட்டி. சத்தார் கிட்ட குடுத்து அனுப்பறேன், கையெழுத்துப் போட்டு அவன் கிட்டயே குடுத்துடு."

"நான் மோகனா பேசறேன் சார்."



"ஓ. அவர் உங்க கிட்ட சொல்லலையாம்மா?"

கழிப்பறைக் கதவு திறந்தது. அவள் கையிலிருந்த போனைப் பரணி பார்த்தான். சிரிப்பின் மிச்சம் முகத்திலிருந்து வழிந்து போயிற்று.

"காலையிலயே சொல்லிட்டீங்களா?" என்றாள் மோகனா. போனை அவள் மூடவில்லை.

"அஞ்சாவது தடவ போனப்ப. உள்ள உக்காந்துக்கினு பேசினேன்." அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். "மறுபடியும் அந்தப் பொம்பளைங்க முன்னாடி... என்னால ஆவாது மோகனா. நாற்காலின்னா நாற்காலி."

"காலையில உங்க கிட்ட பத்து நாள் கணக்கு இருந்துது. அது தப்புக் கணக்கு. கஞ்சி குடிச்சவனோட கணக்கு." போனை அவன் பக்கம் நீட்டினாள். "இப்ப தெரிஞ்சு போச்சு. இதுக்கப்பறமும் நாற்காலிதான் வேணும்னா நான் ஒண்ணும் சொல்லல. உங்க வாயால சொல்லுங்க. என் எதுர்ல."

போனுக்குள் ராமமூர்த்தி தொண்டையைக் கனைத்தார்.

பரணி போனை வாங்கினான்.

"சார், லெட்டர நிறுத்திடுங்க. திங்கக்கெழம நான் வண்டி எடுக்கறேன்."

"என்னப்பா நீ, அது மேல போயாச்சே. சத்தாரும் ரூட் கெடைக்குதுன்னு சந்தோஷமாக் கெளம்பிட்டான். இனிமே அவன் சம்மதிக்கணும், மேனேஜர் சம்மதிக்கணும். நான் இன்னா பண்றது?"

"கையெழுத்து நான்தானே போடணும்? போட மாட்டேன் சார்."

*

இனி வேண்டியது பால்.

"கடையில பாக்கெட் பால் வாங்கியாறேன்," என்றான் பரணி.

"வாங்கலாம். கஷ்டமே இல்ல. ஆனா பாக்கெட் பால் இந்த வாசல்ல வந்துச்சுன்னா அத்தை இனிமே இந்தப் பக்கம் வரமாட்டாங்க. நாளைக்கு நான் ஷிஃப்டுல இருப்பேன். கரென்ட் போனா, பல்பு போனா, பெட்டிய யார் பாக்கறது? நீங்களா?"

"நான் பாதி நேரம் உள்ள இருப்பேன்."

"அதான் சொல்றேன். விளக்கு வெக்கிற வரைக்கும் பாப்போம்."

சௌந்தரத்துக்கு ஒரு கட்டளை உண்டு. வாசலில் விளக்கு வைத்துவிட்டால் பால், தயிர், மோர் எதுவும் அவள் வீட்டு நிலையைத் தாண்டாது. மூன்று தலைமுறையாகக் கொடுத்ததில்லையாம். ஒருமுறை பக்கத்துத் தெருவில் பாம்பு கடித்தவனுக்கு மோர் கேட்டு வந்தவர்களையே, பாம்புக்கு மோர் எதுக்கு என்று திருப்பி அனுப்பியவள்.

எதிர்க் கதவு சாத்தியே கிடந்தது. மாடு கறந்த சத்தம் கேட்டது. அடுப்பில் விறகு வெடித்தது கேட்டது. மோகனா பெட்டிக்குள் பல்பை எரியவிட்டு, தெர்மாமீட்டரில் நாற்பது ஏறும்வரை பார்த்தாள். பாத்திரத்தை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்தாள். கூப்பிடவில்லை.

ஆறரைக்கு எதிர் வாசலில் சௌந்தரம் வந்து விளக்கை வைத்தாள். கும்பிட்டாள். உள்ளே போனாள்.

"சரி, நான் கடைக்குப் போறேன்," என்று பரணி சட்டையை எடுத்தான்.

கதவு திறந்தது. சௌந்தரம் தூக்குச் சட்டியோடு, விளக்கைச் சுற்றிக்கொண்டு, நிலையைத் தாண்டி வந்தாள். வந்து மோகனாவின் முன்னால் சட்டியை வைத்தாள்.

"விளக்கு வெச்சாச்சே அத்தை."

"எனக்குக் கண்ணு இல்லையா?" அவள் மகனைப் பார்க்கவில்லை. "நல்லாக் காய்ச்சி ஆற வெச்சுட்டேன். அந்த மருந்த எடு."

"எதுக்கு?"

"ஒரு சொட்டு விடு. நான் பாக்கணும்."

"நம்பறேன் அத்தை."

"காலையிலகூட நம்பினதானே? விடுடி."

மோகனா ஒரு கரண்டிப் பாலை மூடியில் ஊற்றினாள். புட்டியைச் சாய்த்தாள். சொட்டு விழுந்தது. மூன்று தலைகளும் மூடியின் மேல் குனிந்தன. பழுப்பு, இளமஞ்சளாகக் கரைந்தது. காத்திருந்தார்கள். நீலம் வரவில்லை.

சௌந்தரம் மூச்சு விட்டாள்.

"ஓட்டலுக்கும் இதேதான் இன்னிக்கு. நீர்த்துதான் இருக்கும். நாளைக்குக் காலையில கத்துவானுங்க, கத்தட்டும். அந்தப் புட்டிய எனக்குக் குடு. தண்ணி கலந்தேன்னு எவனாவது சொன்னா..."

"இந்த மருந்துல தண்ணி தெரியாது அத்தை."

"கஞ்சி இல்லன்னு தெரியும் இல்ல? அது போதும்."

பாலின் சூட்டை மோகனா தெர்மாமீட்டரில் பார்த்தாள். பாக்கெட்டைக் கத்தரித்துத் தூளைத் தூவினாள். கலக்கினாள். பெட்டிக்குள் இறக்கி மூடினாள். தாளில் எழுதினாள்: 6.50. கீழே புதுக் கணக்கு. கோடு எதுவும் இல்லாத வெள்ளை இடம்.

"நாளைக்கு ஆறு அம்பது வரைக்கும் இத யார் பாக்கறது?" என்றாள் சௌந்தரம்.

"நீங்கதான்."

"என்னை நம்பி விட்டுட்டுப் போவியா?"

"போவேன். ஆனா மூடியத் தொறக்கக் கூடாது. கரண்டியே இந்த ரூமுக்குள்ள வரக்கூடாது."

"ரொம்பத்தான் பண்றா," என்று சொல்லிக்கொண்டே சௌந்தரம் பெட்டி பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

தெருமுனையில் ஹாரன் அடித்தது. ஷிஃப்ட் முடிந்த பெண்களை இறக்கிவிட வந்த கம்பெனி பஸ், இன்று அவர்கள் வாசலுக்கே வந்து நின்றது. சத்தார் கீழே இறங்கினான். கையில் பழுப்புக் கவர்.

மோகனா எழுந்தாள். சௌந்தரம் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ இரு. அவன் போவட்டும்."

பரணி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வாசலைத் தாண்டினான். சத்தார் கவரை நீட்டினான்.

"பரணிண்ணே, சார் குடுக்கச் சொன்னாரு. மேனேஜரு கையெழுத்தும் போட்டுட்டாராம்."

பரணி கவரை வாங்கவில்லை. அவனைச் சுற்றிக்கொண்டு போனான். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து ஏறினான். சீட்டில் உட்கார்ந்து, சத்தார் உயரத்துக்கு முன்னே தள்ளியிருந்த சீட்டைப் பின்னே நகர்த்தினான். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினான்.

"அண்ணே, இது இன்னா?" என்றான் சத்தார், கவரோடு கீழே நின்றபடி. "எனக்குன்னு சொல்லிட்டாங்கண்ணே. வீட்டுலகூட சொல்லிட்டேன்."

இன்னும் இறங்காத பதினைந்து இருபது பெண்கள் சீட்டிலிருந்தபடி பரணியைப் பார்த்தார்கள். வண்டிக்குள் ஒருத்தியும் பேசவில்லை. அன்றைக்குப் போலவே.

வாசலில் நின்ற மோகனா நிலைச்சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது பேசுங்கடி.

பின் சீட்டிலிருந்து வஹீதாவின் குரல் வந்தது. மோகனாவுக்குப் பக்கத்து டேபிள்காரி.

"இன்னா பரணிண்ணே, சீட்ட மட்டும் சரி பண்ணிட்டுப் போயிடுவியா? ஹாரனயும் பாரு. இந்த ஆளு அடிச்சடிச்சு எங்க காது போச்சு."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் இன்னும் ரெண்டு பேர்.

பரணி கண்ணாடியில் அவர்களைப் பார்த்தான். ஹாரனின் மேல் கையை வைத்து, ஒரே ஒரு தடவை, சின்னதாக அடித்தான்.

கீழே சத்தார் கவரைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.